840 தடவை ஒரே பக்கம்

வணக்கம் மக்களே, தில்லி மயூர் விஹாரிலிருந்து பேசுகிறேன், மணி காலை ஐந்தரை. நேற்று ராத்திரி எட்டு மணிக்கு ஓடவிட்ட பதிவு பின்னால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்கிறதா? பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி 1893 வாக்கில் எழுதிய பியானோ இசை, 'வெக்ஸாசியோன்'. ஸ்வரம் எழுதிய தாள் ஒரே பக்கம்தான், அதை 840 தடவை வாசிக்கச் சொல்லிக் குறிப்பு இருக்கிறது.

முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்பதரைக்கு எரிச்சல், பத்தரைக்கு உண்மையான கோபம், அணைத்துவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். அப்புறம் ராத்திரி இரண்டு மணி இருக்கும், கூலரில் தண்ணீர் சொட்டுவது தனியாகக் காதில் விழுந்தது, கீழ் ஸ்வர வரிசை தனியாக வரும்போது அந்தச் சொட்டு அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, மேல் ஸ்வரங்கள் சேர்ந்ததும் காணாமல் போகிறது. அரை மணி நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் இந்த மெட்டை இப்போது முணுமுணுக்கச் சொன்னால் எனக்கு வராது, மனதில் ஒட்டவே ஒட்டாத மாதிரி எழுதியிருக்கிறார்.

1963 செப்டம்பரில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் இதை நியூயார்க்கில் முழுசாக நடத்தினார். பியானோ கலைஞர்கள் மாறி மாறி உட்கார்ந்து பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் வாசித்தார்கள். டிக்கெட் ஐந்து டாலர், ஆனால் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு இருபது நிமிஷத்துக்கும் ஐந்து சென்ட் திருப்பிக் கொடுத்தார்கள்! நியூயார்க் டைம்ஸ் எட்டு விமர்சகர்களை முறை வைத்து அனுப்பியது. முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு குரல், "இன்னொரு தடவை!" ஆனால் 1970இல் சிட்னியில் தனியாக வாசித்த பீட்டர் எவன்ஸ் 595வது தடவையோடு எழுந்துவிட்டார், மனதில் கெட்ட எண்ணங்கள் வருகின்றன என்று எழுதி வைத்தார். இரண்டையும் நான் நம்புகிறேன், ஒரே ராத்திரியில் இரண்டு பக்கமும் போய் வந்தாயிற்று.

இதெல்லாம் ஏமாற்று வேலை என்று நம் ஆட்களே சொல்லும்போதுதான் எனக்கு வருத்தம். சின்ன வயதில் ஆர்.கே.புரத்தில் தெரிந்தவர் வீட்டில் அகண்ட நாமம் நடக்கும், 24 மணி நேரம், ஒரே நாமம். விடியற்காலை மூன்று மணிக்கு நான்கே பேர், ஜால்ரா மட்டும் நிற்காது, குரல் கம்மிப்போன மாமி ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார், அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருந்த அமைதியை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரிடம் யாரும் போய் 'எதற்கு இவ்வளவு நேரம்' என்று கேட்டதில்லையே?

இன்னொன்று. இதே தில்லிப் பல்கலைக்கழகத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்த இந்துஸ்தானி பாடகர், கிரானா கரானா என்ற பாணியைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத் 1970இல் அமெரிக்கா போனார். ஒரே ஸ்வரத்தை மணிக்கணக்கில் நீட்டும் அமெரிக்க இசையமைப்பாளர் லா மான்ட்டி யங் அவருக்குச் சீடரானார். யங்கின் 'தி வெல்-டியூன்டு பியானோ' ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகும். ஆக, இந்த ஊருக்கு இது அந்நிய சங்கதி இல்லை.

சரி, பதிவு பாதிதான் தாண்டியிருக்கிறது, நான் உட்காரப் போகிறேன். மைக்கை ஸ்பீக்கர் பக்கம் வைக்கிறேன், ஒரு சுற்று, ஒன்றரை நிமிஷம்கூட வராது, கேளுங்கள்.