கடல் இடது பக்கம் இருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குக் குடும்பத்தோடு காரில் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மூணு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். 150 கிலோமீட்டர் போல, போய்விடலாம்தான். ஆனால் அப்படிப் போனால் கடலைப் பார்க்க முடியாது! மாமல்லபுரம் தாண்டிவிட்டால் முக்கால்வாசி தூரம் சவுக்குத் தோப்பு, பனை, வயல் என்றுதான் வரும், கடல் அவற்றுக்குப் பின்னால் எங்கேயோ இருக்கும். முதல் தடவை நாங்கள் போனபோது என் மகள் "கடல் எங்கேம்மா?" என்று கேட்டுக் கேட்டே தூங்கிப்போனாள். எனக்கு மனசே கேட்கவில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான்: எங்கே போய்ச் சேர்வது என்பதை விட, எங்கே இடது பக்கம் திரும்புவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். தெற்கே போகும்போது கடல் உங்கள் இடது கை பக்கம், எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்காமல் நிறுத்தலாம், திரும்பலாம். பார்க்க வேண்டியதையெல்லாம் போகும்போதே பார்த்துவிட்டு, வரும்போது திண்டிவனம் வழியாக நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

மாமல்லபுரம் எல்லோருக்கும் தெரியும். கடற்கரைக் கோயில் கிழக்குப் பார்த்தது, காலை வெயிலில் பாருங்கள், அது போதும். அடுத்து கல்பாக்கம் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் மஸ்லின் துணி வியாபாரம் செய்த ஊர், அவர்களுடைய செங்கல் கோட்டையும் உள்ளே செதுக்கு வேலை செய்த கல்லறைகளும் இன்றைக்கும் இருக்கின்றன.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த இடம் கடப்பாக்கத்தில் திரும்பினால் வரும் ஆலம்பரைக் கோட்டைதான். 1750 வாக்கில் பிரெஞ்சுக்காரர் துய்ப்ளேக்குப் பரிசாகப் போன கோட்டை, 1760இல் ஆங்கிலேயர்கள் இடித்தார்கள், மிச்சம் நின்றதில் 2004 சுனாமியிலும் கொஞ்சம் சேதமானது. அந்த உடைந்த சுவர் மேல் காற்று வீசும்போது ஒரு பக்கம் கழிமுகம், மணல் திட்டுக்கு அப்பால் கடல், நடுவில் மீன்பிடிப் படகுகள், பெரியவர்கள் நிழலில் உட்கார்ந்திருக்க பிள்ளைகள் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள், இங்கே இரண்டு மணி நேரம் கண்டிப்பாக ஒதுக்குங்கள். கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், பக்கத்தில் ஹோட்டலை எதிர்பார்க்காதீர்கள். சுவர்கள் உறுதியாக இல்லை, பிள்ளைகளை ஏற விட வேண்டாம். அப்புறம் கடலில் குளிக்கவும் வேண்டாம், இந்தக் கரையில் உள்ளிழுக்கும் நீரோட்டம் பலமானது, முழங்கால் அளவு தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும்.

பாட்டி தாத்தா கூட வந்தால் கழிவறை பற்றி யோசித்து வையுங்கள். எங்கள் மாமியார் அதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்தார், அது எனக்குத் தெரியவே மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பெரிய பெட்ரோல் பங்க் எது கண்ணில் பட்டாலும், கேட்காமலேயே வண்டியை நிறுத்திவிடுகிறோம்.

கடைசியாக மரக்காணம் உப்பளம். மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் சாலையிலிருந்தே தெரியும். காரை நன்றாக ஓரம் கட்டிவிட்டு, வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரப்பில் இறங்குங்கள். பாத்தியில் தண்ணீர் வற்றி உப்புப் பூப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கிருந்து புதுச்சேரிக்கு ஒரு மணி நேரம் கூட ஆகாது, இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.