வாசற்படிக்கு வெளியே: நகர மன்றத்தின் அன்றாட வேலைகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வாசற்படியில் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதுகுப் பக்கம் இருக்கும் தரை, குழாய், சன்னல், மின்பெட்டி எல்லாம் வீட்டுக்காரரின் பொறுப்பு. ஓர் அடி வெளியே வைத்துவிட்டால் நடைபாதை, அதில் எரியும் விளக்கு, மாடிப்படி, மின்தூக்கி, கூரை மேலிருக்கும் தண்ணீர்த் தொட்டி, கீழ்த்தளம், விளையாட்டுத் திடல் ஆகியவை நகர மன்றத்தின் கையில் இருக்கின்றன. இந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிந்தவருக்குப் பாதிப் புகார்கள் ஒரே தொலைபேசி அழைப்பில் தீர்ந்துவிடும். தெரியாதவர் ஓர் ஈரக்கறைக்காக மூன்று அலுவலகங்கள் ஏறி இறங்குவார்.

இந்த ஏற்பாடு எப்போதும் இருந்ததல்ல. ஒரு காலத்தில் எல்லாப் பேட்டைகளையும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே நேரடியாகப் பராமரித்தது. 1986இல் அங் மோ கியோவில் முதன்முதலாகச் சோதனை முறையில் நகர மன்றம் அமைந்தது. நகர மன்றச் சட்டம் 1988இல் வந்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன். பேட்டையை யார் நடத்த வேண்டும் என்பதை வாக்காளர் தீர்மானிக்கட்டும், நன்றாக நடத்தினாலும் மோசமாக நடத்தினாலும் அதன் பலனை அவர்களே பார்க்கட்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அதனால்தான் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் மன்றத்தை நடத்துகிறார்கள். தலைவரும் அவர்களில் ஒருவரே. நியமன உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதே நகரில் குடியிருப்பவர்கள். அன்றாட வேலையைச் செய்வது பொது மேலாளரும் பேட்டை அதிகாரிகளும் ஒப்பந்தக்காரர்களும். பல நகர மன்றங்கள் இதற்கென நிர்வாக முகவர் நிறுவனத்தை அமர்த்திக்கொள்கின்றன.

பணத்திலிருந்து தொடங்குகிறேன். மாதந்தோறும் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் கூட்டிப் பெருக்குவதற்கான கூலி என்று பலர் நினைக்கிறார்கள். நடைமுறை வேறு. 2017 ஏப்ரல் முதல், வசூலாகும் கட்டணத்திலும் அரசு மானியத்திலும் குறைந்தது 26 விழுக்காட்டைச் சேமிப்பு நிதியிலும் 14 விழுக்காட்டை மின்தூக்கி மாற்று நிதியிலும் போட வேண்டும் என்பது விதி. ஒரு வீட்டுக்கு ஜிஎஸ்டி நீங்கலாக 70 வெள்ளி கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 18 வெள்ளி 20 காசு சேமிப்பு நிதிக்கும் 9 வெள்ளி 80 காசு மின்தூக்கி நிதிக்கும் போகும். மொத்தம் 28 வெள்ளியை இந்த மாதம் யாரும் தொட முடியாது. மீதமுள்ள 42 வெள்ளியில்தான் துப்புரவாளர் சம்பளம், நடைபாதை விளக்குக்கும் மின்தூக்கிக்கும் நீரேற்றிக்கும் ஆகும் மின்கட்டணம், மாதாந்திரச் சேவை, புல்வெட்டு, பூச்சிக் கட்டுப்பாடு எல்லாமே.

அந்தச் சேமிப்பு எதற்கு? புளோக்குக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை சாயம் பூச வேண்டும். கூரையின் நீர்த்தடுப்புப் பூச்சு, பொது மின்கம்பிகள், தண்ணீர்த் தொட்டி, நீரேற்றி ஒவ்வொன்றுக்கும் ஆயுள் உண்டு. ஒரு புளோக்கின் மின்தூக்கிகளை மாற்றும் ஆண்டில் அந்தப் புளோக்கு கட்டும் கட்டணம் முழுவதையும் கொடுத்தாலும் போதாது. இளம் பேட்டையில் செலவு குறைவு என்பதற்காகக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டால் இருபது ஆண்டு கழித்து அங்கே குடியிருப்பவர் தலையில் அது விடியும். கட்டண உயர்வைப் பற்றிக் கோபப்படுபவர்களிடம் நான் சொல்வது: ஆண்டுக் கணக்கறிக்கையை எடுத்துப் பாருங்கள். அது தணிக்கை செய்யப்பட்டு வெளிவருகிறது. சேமிப்பு நிதி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குத்தான் வலு இருக்கும்.

கட்டணம் பாக்கி விழுந்தால் கடிதம் வரும், பிறகு நீதிமன்ற அழைப்பாணை வரை போகும். வீட்டை விற்கும்போதும் பாக்கியை அடைத்தாக வேண்டும். வேலை போய்விட்டது, மருத்துவச் செலவு வந்துவிட்டது என்றால் முதல் கடிதம் கிடைத்த வாரமே அலுவலகத்துக்குப் போய்த் தவணை கேளுங்கள். அழைப்பாணை வந்த பிறகு கேட்பதைவிட அது நூறு மடங்கு எளிது. தகுதியுள்ள சிங்கப்பூரர் குடும்பங்களுக்கு வீட்டின் அளவைப் பொறுத்து ஆண்டுக்கு 1.5 முதல் 3.5 மாதக் கட்டணம் வரை அரசு தள்ளுபடி உண்டு. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களில் தானாகவே கழிக்கப்படும். வீடு முழுவதையும் வாடகைக்கு விட்டிருந்தாலோ, இன்னொரு சொத்து வைத்திருந்தாலோ அது கிடைக்காது.

இப்போது மின்தூக்கி. பதினைந்தாம் மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் தாயாருக்கு மின்தூக்கி இல்லையென்றால் அந்த வீடே சிறை. ஒப்பந்தக்காரர் மாதந்தோறும் வந்து கதவு, பிரேக், கயிறு, தளமட்டம் பார்க்கிறார். ஆண்டுக்கொரு முறை சோதனை செய்து, கட்டட, கட்டுமான ஆணையத்திடம் இயக்க அனுமதி வாங்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழு எடை ஏற்றிச் சோதிப்பார்கள். அனுமதிச் சான்று மின்தூக்கிக்குள்ளேயே ஒட்டப்பட்டிருக்கும். காலாவதித் தேதியை நீங்களே படிக்கலாம்.

ஆனால் மின்தூக்கி நிற்பதற்குக் கயிறோ பிரேக்கோ காரணமாக இருப்பது அபூர்வம். கதவுதான். நாள் முழுக்கத் திறந்து மூடுவது அதுதானே. கதவு ஓடும் பள்ளத்தில் ஒரு கல், ஒரு குச்சி, வீட்டைப் புதுப்பிக்கும்போது சிந்திய சிமெண்டு மண் விழுந்தால் கதவு முழுதாக மூடாது. மூடாத கதவோடு மின்தூக்கி நகராதபடிதான் அமைத்திருக்கிறார்கள். சாமான் ஏற்றும்போது பலகையை முட்டுக்கொடுத்துக் கதவைப் பிடித்து வைப்பது இன்னும் மோசம், கதவின் உருளைகளே விலகிவிடும். அடுத்த எதிரி தண்ணீர். பொங்கலுக்கு முதல் நாள் நடைபாதையைக் குழாய் வைத்துக் கழுவிவிடும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அந்தத் தண்ணீர் வாசல் விளிம்பு வழியாக மின்தூக்கிக் குழிக்குள் இறங்கினால் கதவுப் பூட்டின் மின்சுற்று கெட்டு, பண்டிகை நாளன்று இரண்டு மின்தூக்கியில் ஒன்று நின்றுபோகும். துடைப்பானை நனைத்துத் துடையுங்கள், அதுவே போதும்.

தளத்துக்கும் மின்தூக்கிக்கும் இடையே ஓர் அங்குலமாவது மேடுபள்ளம் தெரிந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். முதியவர் கால் தடுக்கி விழுவது அங்கேதான். உள்ளே மாட்டிக்கொண்டால் கதவை நெம்பாதீர்கள், மேல்கூரை வழியாக வெளியேற முயலாதீர்கள். உள்ளே காற்றோட்டம் இருக்கிறது. அழைப்பு மணியைச் சில விநாடி விடாமல் அழுத்துங்கள். நகர மன்றத்தின் அவசரப் பராமரிப்புப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறது. புளோக் எண், எந்த மின்தூக்கி, எத்தனை பேர், உள்ளே குழந்தையோ நோயாளியோ உண்டா என்பதைச் சொன்னால் போதும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு நுணுக்கம். பொதுவாகக் கீழ்மாடிகளுக்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாயிலிருந்து நேரடியாக நீர் வரும். மேல்மாடிகளுக்கு நீரேற்றி மூலம் கூரைத் தொட்டிக்குப் போய் அங்கிருந்து இறங்கும். கீழ்மாடியில் வருகிறது, மேலே இல்லை என்றால் நீரேற்றியோ தொட்டியோ கோளாறு, நகர மன்றத்தை அழையுங்கள். மேலும் கீழும் எங்குமே இல்லை என்றால் வெளிக்குழாய். உங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்றால் உங்கள் வால்வு. ஒரே நிமிடம் அண்டைவீட்டாரிடம் கேட்டால் இது தெரிந்துவிடும். மின்சாரத்துக்கும் இதே வழிதான். நடைபாதை விளக்கு மட்டும் அணைந்தால் நகர மன்றம், புளோக்கே இருட்டென்றால் எஸ்பி குழுமம், உங்கள் வீடு மட்டும் என்றால் முதலில் மின்பெட்டியின் விசையைப் பாருங்கள். தொட்டிகளை ஆண்டுக்கொரு முறை சுத்தம் செய்து சோதிக்க வேண்டும். அறிவிப்பு மின்தூக்கி அருகே ஒட்டப்படும். அன்றைக்குச் சற்றுக் கலங்கலாக வந்தால் தெளியும்வரை குழாயைத் திறந்துவிடுங்கள்.

இனி அந்த ஈரக்கறை. அதிகமாகக் குழம்புவது இதில்தான். மழை பெய்த மறுநாள் வெளிச்சுவரின் உட்பக்கத்தில் கறை பரவினால் வெளிச்சுவரில் வெடிப்பு. அது நகர மன்றத்தின் வேலை. உச்சிமாடியில் கூரை ஒழுகினாலும் அப்படியே. சன்னல் சட்டத்தைச் சுற்றியிருக்கும் பூச்சு விட்டுப்போயிருந்தால் அது உங்களுடையது. ஆனால் வெயிலோ மழையோ, குளியலறைக் கூரையில் சொட்டிக்கொண்டே இருந்தால் மேல்வீட்டுக் குளியலறைத் தரையின் நீர்த்தடுப்புப் படலம் கெட்டுவிட்டது என்று பொருள். இதில் நகர மன்றத்துக்கு வேலையே இல்லை. மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்து பொறுப்பு; வீவக வந்து பார்த்துச் சொல்லும். அதன் நல்லெண்ணப் பழுதுபார்ப்புத் திட்டத்தில் செலவில் பாதியை வீவக ஏற்கும். இரு வீட்டாரும் ஆளுக்குக் கால் பங்கு. ‘தண்ணீர் மேலிருந்துதானே வருகிறது, நான் ஏன் கொடுக்க வேண்டும்’ என்று கீழ்வீட்டார் கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். அந்தக் கான்கிரீட் பலகை இருவருக்கும் நடுவில், இருவரும் பகிர்ந்துகொள்ளும் பகுதி என்பதால்தான் அந்தப் பங்கு. சண்டை போட்டுக்கொண்டு ஓராண்டைக் கடத்தினால் உள்ளே கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உதிரும், செலவும் ஏறும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கார்ப்பேட்டை அபராதம் வீவக. சாலையோரம் நிற்கும் மரம் தேசியப் பூங்காக் கழகம்; புளோக்கை ஒட்டிய மரம் நகர மன்றம். மாடியிலிருந்து குப்பை வீசுவதைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் கேமரா வைத்துப் பிடிக்கிறது. எது யாருடையது என்று தெரியவில்லையென்றால் ஒன்சர்விஸ் செயலியில் படமெடுத்துப் போடுங்கள். உரிய அமைப்புக்கு அதுவே அனுப்பிவிடும்.

குப்பைக் குழாய்க்கு மட்டும் ஒரு வார்த்தை. பூசை முடிந்த சாம்பிராணித் தணலைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுப் போடுங்கள். வெளியே சாம்பல் போலத் தெரிந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். குழாய்க்குள் பற்றும் தீ புகையைப் பத்து மாடிக்கும் ஏற்றிவிடும். துடைப்பக் கட்டை, திரைச்சீலைக் கம்பி, தலையணை உள்ளே குறுக்காக நின்று அடைத்துக்கொள்ளும். அவற்றையெல்லாம் பெரிய பொருளாகக் கணக்கிட்டு நகர மன்றத்தை அழைத்தால் பல பேட்டைகளில் இலவசமாகவே எடுத்துப்போவார்கள். நடைபாதையில் மட்டும் வைத்துவிடாதீர்கள். தீ நேரத்தில் 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. தூக்குப் படுக்கையோடு இரண்டு பேர் வர அவ்வளவு இடம் வேண்டும்.

புகார் கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ‘எங்கள் புளோக்கு ரொம்ப அசுத்தம்’ என்றால் அதிகாரி எங்கே போய்ப் பார்ப்பார்? புளோக் எண், மாடி, எந்த மின்தூக்கி முகப்பு, எந்த நேரம், எத்தனை நாளாக, ஒரு படம். இவ்வளவையும் கொடுத்து, பதிவு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடியவில்லையென்றால் புதுப் புகார் போடாமல் அதே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அப்படியும் நகராவிட்டால்தான் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நேரம்.

கடைசியாகக் கீழ்த்தளம். திருமணம், இறுதிச்சடங்கு, பொங்கல் விழா எதுவானாலும் நகர மன்ற அனுமதி வேண்டும். இறுதிச்சடங்குக்கு இறப்புச் சான்றிதழோடு போனால் வேலை விரைவில் நடக்கும்; பெரும்பாலும் ஈமச்சடங்கு நிறுவனத்தாரே வாங்கித் தருவார்கள். விழா என்றால் தேதி, நேரம், கூடாரத்தின் அளவு, சமைப்பீர்களா என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அதே நாளில் அதே இடத்தை வேறொரு குடும்பம் கேட்டிருக்கக்கூடும். மின் இணைப்பைத் தகுதிபெற்றவர் மூலம்தான் எடுக்க வேண்டும். வீட்டிலிருந்து கம்பி இழுத்துத் தொங்கவிடாதீர்கள். பொங்கல் பானையை அருகிலுள்ள திறந்த திடலில் ஏற்ற நினைத்தால், அந்தத் திடல் யாருடையது என்று முதலில் கேட்டுவிடுங்கள். பேட்டையை ஒட்டிய திறந்த திடல்கள் சில அரசு நிலமாக இருக்கும். அதற்கு அனுமதி தருவது சிங்கப்பூர் நில ஆணையம். விழா முடிந்ததும் கரும்புச் சக்கை, வாழையிலை, தரையில் சிந்திய எண்ணெய் எல்லாவற்றையும் அன்றிரவே அகற்றிவிட்டு, சுத்தமான தரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதிகாரி வந்து பார்த்த பிறகுதான், அனுமதிக்காகக் கட்டிய வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும்.