ஊர் வாயும் நம் உடம்பும்

(பாம்பனில் மகளிர் குழுக்களின் கூட்டத்தில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் பஞ்சாயத்துத் தலைவி அம்மா அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொண்ட மருத்துவர் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, தங்கச்சிமடத்திலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் சகோதரிகளே! மைக் செட் தம்பிக்கும் வணக்கம். அவரைப் பகைத்துக்கொண்டு யாரும் மேடையில் பேச முடியாது. பொன்னாடைக்கு நன்றி. இந்த வெக்கைக்கு ஒரு துண்டு கொடுத்திருந்தாலும் மகிழ்ந்திருப்பேன்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். குண்டாக இருப்பவரைப் பார்த்து, தன்னைத் தானே கொன்றுகொள்கிறார், இதுவும் தற்கொலைதான் என்று பேசுவதும் அந்த ஊர் வாய்தான். இதை வைத்து மூன்று செய்தி சொல்லப் போகிறேன்: சட்டம், எடை, வீட்டுக்குள் நாம் பேசும் பேச்சு.

முதலில் சட்டம். சங்க காலத்தில் உணவை விட்டு, வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனுக்கு நடுகல் நட்டோம். மணிப்பூரில் 2000-இல் உண்ணாவிரதம் தொடங்கிய இரோம் சர்மிளா மீது தற்கொலை முயற்சி வழக்குப் போட்டோம். மூக்கில் குழாய் விட்டு உணவு செலுத்தினார்கள். 2016-இல்தான் அவர் உண்ணாவிரதத்தை முடித்தார். சாக வேண்டும் என்பதல்ல, ஆயுதப்படைக்குத் தனி அதிகாரம் தரும் ஒரு சட்டத்தை நீக்க வேண்டும் என்பதே தம் நோக்கம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். யார் கேட்டது? பிறகு 2017-இல் வந்த மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்றது. 2024 ஜூலையில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே போய்விட்டது. சட்டம் இவ்வளவு தூரம் இறங்கி வந்துவிட்டது. ஊர் வரவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. நல்ல கனத்த உடம்பு. விடியுமுன் வல்லத்தில் போய், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூழ்கிக் கடற்பாசி எடுப்பவர். ஒரு கல்யாண வீட்டில் நானும் அவரும் ஒரே பந்தி. சோறு போனது, மீன்குழம்பு போனது, பாயசம் வந்தது. அக்கா இரண்டாவது முறை கேட்டார். எதிர்வரிசையில் ஒருவர், சட்டைப்பையில் பீடிக்கட்டு, வாயில் முந்தின இரவின் வாடை. "அக்கா, போதும். நீங்களே உங்களைக் கொன்னுக்கிறீங்க" என்றார். பந்தியே அமைதியாகிவிட்டது. பரிமாறிய பையன் கரண்டியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அக்கா இலையைத் தட்டி, "ஊத்துடா" என்றார். அப்புறம் நிதானமாக அவரைப் பார்த்து, "தம்பி, ரெண்டு கரண்டி பாயசத்துக்கு நான் சாவேன்னா, உன் பையில இருக்கிற கட்டுக்கு உனக்குக் கருமாதியே முடிஞ்சிருக்கணும்" என்றார். மாப்பிள்ளை வீட்டார்கூடச் சிரித்துவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஆனால் அக்கா மூடினார்!

எடை கூடினால் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வர வாய்ப்புக் கூடும் என்று மருத்துவர் ஐயா சொன்னது உண்மை. உயரத்துக்கு எடை பார்க்கும் அந்த பி.எம்.ஐ. கணக்கு 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியக் கணித அறிஞர் கெத்லே போட்டது. அவர் தேடியது மக்கள் கூட்டத்தின் சராசரியை. அந்த எண் உலகக் கணக்கில் 25 என்றால் எடை அதிகம். நம்மவர்களுக்கு 23-லேயே எச்சரிக்கிறார்கள். சரி, எச்சரிக்கட்டும். அது மருத்துவரும் அக்காவும் தனியாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். பந்தியில் தீர்ப்புச் சொல்ல யாருக்கு அதிகாரம்?

தன்னைத் தானே கெடுத்துக்கொள்வது எது என்று கேட்கிறீர்களா? நான் காட்டுகிறேன். பாசிக்குப் போகும் பெண்கள் முந்தின இரவே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். வல்லத்தில் ஒதுங்க இடமில்லை. கரைக்கு வந்தாலும் இல்லை. நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் கிடந்து, ஒரு சொட்டு நல்ல தண்ணீர் குடிக்காமல், அடக்கி அடக்கி நீர்க்கடுப்பும் கல்லும் வாங்குகிறார்கள். இதை யாராவது தற்கொலை என்றார்களா? பாயசத்துக்கு வாய் திறந்த ஊர் இதற்கு ஏன் திறக்கவில்லை? குண்டாக இருப்பது அவரவர் விருப்பமா என்று விவாதிக்கிறோம். தாகத்தோடு கடலுக்குப் போவது நிச்சயமாக அவர்கள் விருப்பமில்லை.

கரையில் தண்ணீர் வசதியோடு கழிப்பறை வேண்டும். கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும். விடியுமுன்னே திறந்திருக்க வேண்டும். பத்து மணிக்குச் சாவிக்காரர் வருகிற கழிப்பறை யாருக்கு வேண்டும்? தலைவி அம்மா தலையசைக்கிறார்கள். மைக் தம்பி, அதையும் பதிவு செய்துகொள்.

வீட்டுப் பேச்சைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. துண்டுச் சீட்டு வந்துவிட்டது. மேடைக்கு வலப்பக்க மேசையில் மனு இருக்கிறது. கையெழுத்தோ கைநாட்டோ, போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். ஆண்களும் போடலாம்.