ஆற்றில் ஸ்மால்மவுத் பாஸ்: லூரை ஓட்டத்தோடு விடுங்கள்

[காட்சி: ஆற்றின் நடுவே ஒரு பாறை]

இந்தப் பாறையைப் பாருங்கள். மோதுகிற தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, பின்னால் கொஞ்சம் அடங்கிய நீரை விட்டுப் போகிறது. வேகமான தண்ணீரும் அடங்கிய தண்ணீரும் உரசும் இடத்தில் ஒரு கோடு தெரிகிறதா? ஸ்மால்மவுத் பாஸ் மீன் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் நிற்கும். தெம்பு செலவில்லாமல் நிற்கலாம், இரையும் தானாக மிதந்து வரும். பாறையின் முன்பக்கமும் தண்ணீர் மோதித் தணிகிற ஒரு சின்ன இடம் உண்டு. பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

இது வட அமெரிக்க மீன். அமெரிக்காவில் சஸ்குவஹானா, ஷெனண்டோவா, நியூ ரிவர் எல்லாம் இதற்குப் பேர்போன ஆறுகள். கல்லடியில் வாழும் கிரேஃபிஷ், அதாவது கொடுக்குள்ள நன்னீர் இறால், இதற்கு மிகவும் பிடித்த இரை. அதனால்தான் ஆற்றுக்கு ஒரே ஒரு லூர், அதாவது செயற்கை இரை, எடுத்துப்போகச் சொன்னால் நான் டியூப் ஜிக்கை எடுப்பேன்.

[காட்சி: உள்ளங்கையில் டியூப் ஜிக்]

உள்ளே பொள்ளலான, மெத்தென்ற பிளாஸ்டிக் குழாய், பின்னால் குஞ்சம். ஈயத் தலையுள்ள தூண்டில் முள்ளைக் குழாய்க்குள் நுழைத்துவிடுவார்கள். தெளிந்த தண்ணீருக்குப் பச்சையும் பழுப்பும் கலந்த நிறம் போதும், கலங்கினால் கறுப்பு. இதற்கு மேல் நிறம் நிறமாக வாங்கிக் குவித்தால், என்னைக் கேட்டால், விற்பவருக்குத்தான் லாபம்.

சரி, எப்படி வீசுவது? ஓட்டம் வருகிற பக்கமாக, சற்றுச் சாய்வாக வீசுங்கள். அடியைத் தொட்டதும் ராடு (தூண்டில் கோல்) நுனியை ஒரு சாண் உயர்த்தி, மறுபடி இறக்குங்கள். ரீலைச் சுற்றுவது தூண்டில் நரம்பின் தொய்வை எடுக்க மட்டும். லூரை நகர்த்தும் வேலையை ஆறு பார்த்துக்கொள்ளும். ஈயம் கற்களை அங்கங்கே தட்டியபடி போக வேண்டும். அடியே தட்டவில்லை என்றால் எடையைக் கூட்டுங்கள், அடிக்கடி சிக்கினால் குறையுங்கள். 3.5 முதல் 7 கிராமுக்குள் பெரும்பாலும் சரியாக அமையும்.

கடி பெரும்பாலும் லூர் இறங்கும்போதுதான் விழும். கைக்குத் தெரிவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும்: நரம்பு பக்கவாட்டில் துள்ளும், அல்லது ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நிற்கும். உடனே ராடைத் தூக்குங்கள். கல்லாக இருந்தால்தான் என்ன? லூர் சிக்கிவிட்டால் நின்ற இடத்திலிருந்தே இழுக்காமல், பத்திரமாக நடக்க முடிந்தால் ஓட்டம் வருகிற மேல்பக்கம் போய் அங்கிருந்து இழுங்கள். போன வழியே திரும்பி வந்துவிடும்.

தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் மீன் ஆழமான, ஓட்டம் குறைந்த மடுக்களில் ஒதுங்கும். அங்கே ஜெர்க்பெய்ட், அதாவது சின்ன மீன் வடிவ லூர், போடலாம். ராடை இரண்டு வெட்டு வெட்டி, அப்படியே விட்டுவிடுங்கள். பொறுமை போகும் வரை காத்திருந்து, அப்புறமும் கொஞ்சம் காத்திருங்கள். மழைக்குப் பின் கலங்கி ஓடும்போது கரையோரமாக ஸ்பின்னர்பெய்ட், அதாவது சுழலும் தகடு உள்ள லூர். தகடு சுழலும் அதிர்வை வைத்தே மீன் தேடி வரும்.

கோடையில் காலையும் மாலையும் பாப்பர், அதாவது நீர்மேல் மிதக்கும் லூர். நீர்மட்டத்தில் ஒரு 'பளக்', வட்ட அலை அடங்கும் வரை நிறுத்தம், மறுபடி ஒரு 'பளக்'. மீன் தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே வரும்போது கை தானாக ராடை இழுக்கப் பார்க்கும். அப்படி இழுத்தால் லூர் மட்டும்தான் கைக்கு வரும். நரம்பில் பாரம் ஏறியதும் இழுங்கள்.