நெப்ராஸ்கா கஸ்டர் கவுண்டி: குடும்ப வேரை நிலத்திலிருந்து தேடுவது எப்படி

[திரையில்: புல்மண் வீட்டின் முன் நான்கு இளம்பெண்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படம்.]

1886. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், நம் மாவட்டம் போன்ற ஓர் உட்பிரிவான கஸ்டர் கவுண்டி. கிறிஸ்மன் சகோதரிகள் நால்வர் தங்கள் வீட்டின் முன் நிற்கிறார்கள். சுவர் செங்கல் அல்ல. புல்வேரோடு பெயர்த்தெடுத்த மண்கட்டி. மரம் அரிதான புல்வெளியில் வீடு கட்ட வேறு வழி இல்லை. படம் எடுத்தவர் சாலமன் பட்சர். இந்த வட்டாரத்துக் குடியேறிகளை அவர் எடுத்த 3,000-க்கும் மேற்பட்ட படங்கள் இன்றும் பாதுகாப்பில் இருக்கின்றன.

படத்தைப் பார்த்தால் நால்வருக்கும் அப்போதே நிலம் இருந்ததுபோல் தோன்றும். நிலப்பதிவு வேறு சொல்கிறது. சகோதரிகளில் லிசி அரசிடம் நிலம் கேட்டு 1887-இல் மனு போட்டார், லூட்டி அடுத்த ஆண்டு. மற்ற இருவரும் உரிய வயது வரும்வரை, அதாவது 1892 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. குடும்பத் தலைவராக இல்லாதவர் மனு போட 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆகவே, நீங்கள் தேடுபவர் பதிவேட்டில் இல்லையென்றால், அவர் அங்கே வாழவில்லை என்று முடிவுகட்டுமுன் வயதைக் கணக்குப் போடுங்கள்.

[திரையில்: அமெரிக்க வரைபடம். ஆறு இடங்களில் புள்ளி.]

முதலில் ஓர் எச்சரிக்கை. கஸ்டர் கவுண்டி என்ற பெயர் கொலராடோ, ஐடஹோ, மொன்டானா, ஓக்லஹோமா, தெற்கு டகோட்டாவிலும் உண்டு. தேடும்போது மாநிலத்தின் பெயரைச் சேர்க்காவிட்டால், வேறு யாரோ ஒருவரின் தாத்தா உங்கள் வம்சாவளியில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டி 1877-இல் அமைந்தது. அதனால் இதன் பெயரில் வரும் முதல் கூட்டாட்சி மக்கள்தொகைக் கணக்கு 1880-உடையது. அடுத்து வரவேண்டிய 1890 கணக்கின் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பாழாகி, பிறகு அழிக்கப்பட்டுவிட்டது. குடியேற்றம் உச்சத்தில் இருந்த இருபது ஆண்டுகள் இப்படி இருட்டில் போகின்றன. ஆனால் நெப்ராஸ்கா 1885-இல் தனியாக ஒரு கணக்கெடுத்தது. வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் அதில் இருக்கிறது. பலர் இதைத் தவறவிடுகிறார்கள். பிறப்பு இறப்பைப் பொறுத்தவரை, மாநில அளவிலான பதிவு 1904-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய பிறப்புச் சான்றிதழைத் தேடி அலைய வேண்டாம்.

இந்த இடைவெளியை நிரப்புவது நிலம்தான்.

[திரையில்: கையெழுத்தில் நிரப்பிய பழைய படிவம்.]

குடியேறிகளுக்கு அரசு நிலம் தந்த 1862-ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் கிடைக்கும். கட்டணம் எல்லாம் சேர்த்துச் சுமார் 18 டாலர். ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து உழ வேண்டும். பிறகு அக்கம்பக்கத்தார் இருவரைச் சாட்சியாக நிறுத்தி நிரூபிக்க வேண்டும். அந்த நிரூபணக் கோப்புதான் நமக்குப் புதையல். வீட்டின் நீள அகலம், எத்தனை ஏக்கர் உழுதார்கள், கிணறு, வேலி, குடும்பத்தில் எத்தனை பேர் என எல்லாம் அதில் வரும். வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் குடியுரிமைத் தாளின் நகலும் இருக்கும்.

கோப்பைப் பெறும் வழி இது. அமெரிக்க அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் இணையதளத்தில் மாநிலம், கவுண்டி, குடும்பப்பெயர் கொடுத்துப் பட்டாவைக் கண்டுபிடியுங்கள். அதிலுள்ள நில விவரம், சான்றிதழ் எண், நில அலுவலகத்தின் பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டு, தேசிய ஆவணக் காப்பகத்தில் படிவம் 84 வழியாகக் கேளுங்கள். நில அலுவலகத்தின் பெயர் கட்டாயம். கிராண்ட் ஐலண்ட், நார்த் பிளாட், பின்னாளில் ப்ரோக்கன் போ என ஒவ்வோர் அலுவலகமும் தனித்தனியே எண் போட்டது; எண்ணை மட்டும் கொடுத்தால் வேறொருவரின் கோப்பு வரலாம்.

[திரையில்: 36 கட்டங்கள் கொண்ட சதுரம்.]

நில விவரத்தைப் படிப்பதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். "டவுன்ஷிப் 17 வடக்கு, ரேஞ்ச் 20 மேற்கு" என்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். டவுன்ஷிப் எண் ஓர் அடிக்கோட்டிலிருந்து வடக்கே எத்தனையாவது சதுரம் என்பதையும், ரேஞ்ச் எண் ஒரு தீர்க்கரேகையிலிருந்து மேற்கே எத்தனையாவது என்பதையும் சொல்லும். நெப்ராஸ்காவின் அடிக்கோடு 40-ஆம் அட்சரேகை, அதாவது கான்சாஸ் எல்லை. ஒரு டவுன்ஷிப் ஆறு மைல் சதுரம். பதினேழாவது என்றால் எல்லையிலிருந்து 96 முதல் 102 மைல் வடக்கே இருக்கும். ப்ரோக்கன் போ ஊரின் பக்கம்.

ஒரு டவுன்ஷிப்புக்குள் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். எண் வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போகும். ஏழு அந்த ஆறுக்கு நேர் கீழே. அங்கிருந்து கிழக்கே திரும்பும். ஏர் உழுகிற மாடு வரப்பில் திரும்புவதுபோல. இதை மறந்து ஏழாம் செக்‌ஷனைக் கிழக்கு ஓரத்தில் தேடினால், ஐந்து மைல் தள்ளி வேறொருவர் வயலில் நிற்பீர்கள். செக்‌ஷனில் கால்பகுதி 160 ஏக்கர், சரியாக ஒரு ஹோம்ஸ்டெட். கால்பகுதிக்குள் கால்பகுதி என்றால் 40 ஏக்கர். ஆவணம் சின்னதை முதலில் எழுதும். வரைபடத்தில் இடம் பிடிக்க வாலிலிருந்து படியுங்கள்.

பட்டாவே கிடைக்காவிட்டால்? வறட்சியிலும் கடனிலும் ஐந்து ஆண்டு தாங்காமல் உரிமையை விட்டுப்போனவர்கள் ஏராளம். பட்டா வாங்கியவர்களை மட்டுமே அந்த இணையதளம் காட்டும். விட்டுப்போனவர்களின் மனு டிராக்ட் புத்தகங்களில், அதாவது ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் வந்த மனுக்களைக் குறித்த பதிவேடுகளில், இருக்கிறது; ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் அவற்றின் படங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்கலாம். அங்கே பெயரைக் கொடுத்துத் தேடுவதைவிட, டவுன்ஷிப், ரேஞ்ச் வரிசையில் போவதே நம்பகமானது. தோற்றுப்போனவர்களின் வரலாறு பெரும்பாலும் அந்தப் புத்தகத்தின் ஒரு வரியில்தான் எஞ்சியிருக்கிறது. அதைத் தேடாமல் விடாதீர்கள்.

[திரையில்: வெஸ்டர்வில் அருகே ஒரு கறுப்பினக் குடும்பத்தின் படம்.]

குடும்பப்பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கவுண்டியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வெஸ்டர்வில் அருகே ஜெரி ஷோர்ஸ், மோசஸ் ஸ்பீஸ் குடும்பங்களையும் பட்சர் படம் எடுத்தார். இருவரும் உடன்பிறந்தவர்கள், இருவரும் அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்கள். அடிமைகளாக இருந்தவர்கள் தங்கள் முன்னாள் உரிமையாளரின் பெயரையே ஏற்பது வழக்கமாக இருந்ததால், ஒரே தாய்மக்கள் இரண்டு குடும்பப்பெயர்களோடு நிற்கிறார்கள். 1850, 1860 மக்கள்தொகைக் கணக்குகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயர்தான் இருக்கும். அடிமைகளுக்குப் பெரும்பாலும் வயதும் பாலினமும் மட்டுமே. அவர்களில் பெரும்பாலோர் பெயரோடு வரும் முதல் கணக்கு 1870-உடையது. எனவே நிரூபணக் கோப்பில் சாட்சி சொன்னவர்கள், பக்கத்துக் கால்பகுதியில் மனு போட்டவர்கள் எல்லோரையும் பெயர் வேறாக இருந்தாலும் குறித்துவையுங்கள். பிறகு 1870, 1880, 1885 கணக்குகளில் அவர்கள் எங்கே, யாரோடு வாழ்ந்தார்கள் என்று ஒவ்வொருவராக ஒப்பிடுங்கள்.