ஓடும்போது 'கோவிந்தா' சொல்ல முடிகிறதா?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, எனக்கு 43 வயசு. போன மாசம்தான் ஓட ஆரம்பிச்சேன். அஞ்சு நிமிஷத்துல இரைக்குது. வயசு போயிடுச்சா? முட்டி தேஞ்சிரும்னு வீட்ல பயமுறுத்துறாங்க. எந்த ஷூ நல்லது?"

இதைப் படித்துவிட்டு இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். தக்கலையில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கலாமா தம்பி? சிவராத்திரிக்கு உங்கள் பக்கமாகத்தானே பக்தர்கள் கோவில் கோவிலாகச் சிவாலய ஓட்டம் ஓடுகிறார்கள்!

முதலில் வயது. பஞ்சாபில் பிறந்த ஓட்டக்காரர் ஃபௌஜா சிங் 2000-ல் லண்டனில் முதல் மாரத்தான் ஓடியபோது அவர் கணக்குப்படி வயது 89. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று பின்னால் கின்னஸ்காரர்கள் அவர் சாதனையை ஏற்கவில்லை. சான்றிதழா ஓடியது? 42.195 கிலோமீட்டரும் கால்தானே ஓடியது! முட்டியைப் பொறுத்தவரை, அளவோடு ஓடுகிறவர்களுக்குத் தேய்மானம் அதிகம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. வீக்கம் இருந்தால் மட்டும் டாக்டரைப் பாருங்கள்.

சரி, இரைப்புக்கு வருவோம். அந்தச் சிவாலய ஓட்டத்தைப் பாருங்கள்: முன்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 சிவன் கோவில், நூறு கிலோமீட்டருக்கு மேல். கையில் பனையோலை விசிறி, ஒவ்வொரு கோவிலிலும் ஒரு குளியல், வாயில் 'கோவிந்தா, கோபாலா'. சின்ன வயதில் திற்பரப்பில் வழியோரம் சுக்குநீர் ஊற்றிக்கொடுத்திருக்கிறேன். தம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த மூச்சிலேயே 'கோவிந்தா' என்பார்கள். ஏற்றம் வந்தால் நடப்பார்கள், அப்போதும் அந்த விளி நிற்காது. பழைய பார்வையாளர்களுக்குத் தெரியும், இதை நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று. மறுபடியும் சொல்கிறேன்: வாய் விட்டு 'கோவிந்தா' சொல்ல முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். சொல்லும்போது குரல் உடைந்தால் குறையுங்கள். வாட்ச் எல்லாம் அப்புறம்.

ஏன் என்றால், மூச்சும் இதயமும் சில வாரத்தில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் அப்படி இல்லை, அதற்கு மாதக்கணக்கு வேண்டும். நடுவில்தான் ஆபத்து: மூச்சு வாங்கவில்லை, நாம் தேறிவிட்டோம் என்று நினைத்து விரட்டுவோம். நானே விரட்டினேன். 44 வயதில், ஓட ஆரம்பித்த மூன்றாவது வாரம், சுசீந்திரம் ரோட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். பொறுக்கவில்லை. ஒரு கிலோமீட்டர் துரத்தினேன். டீக்கடையில் ஒரு பெரியவர், "என்னவே, பஸ்ஸ விட்டுட்டீரா?" என்றார். மறுநாள் முன்னங்கால் எலும்பு பிடித்துக்கொண்டது. ஒரு மாசம் மாடிப்படி ஏற மனைவியின் தோள் தேவைப்பட்டது.

நீங்கள் உண்மையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "நடுவில் நடக்கலாமா?" என்பது. தாராளமாக நடக்கலாம்! ஒரு நிமிஷம் ஓடி, இரண்டு நிமிஷம் நடங்கள். அரை மணி நேரம், வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். இங்கே கடற்காற்றின் புழுக்கத்தில் ஆறு மணிக்கே சட்டை நனைந்துவிடும், அதற்கு முன்பே கிளம்புங்கள். நடப்பதற்கு வெட்கமாக இருந்தால், ஏற்றத்தில் நடக்கும் அந்தக் கோவிந்தன்மாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஷூவா? போன வீடியோவில் அரை மணி நேரம் பேசினேனே. சாயங்காலம் கால் லேசாக வீங்கியிருக்கும்போது போய் வாங்குங்கள், விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கட்டும். சிவாலய ஓட்டக்காரர்கள் வெறுங்காலில் போகிறார்களே என்று கேட்டு அடுத்த கமெண்ட் போட்டுவிடாதீர்கள்.