வாரண்ட் உண்டு, போலீஸ் இல்லை

வணக்கம். சட்டம் பற்றிப் பேச்சு என்றதும் பின்வரிசையில் இரண்டு பேர் டீ குடிக்க எழுந்துவிட்டார்கள். பரவாயில்லை, மெதுவாக வரட்டும்.

சென்னையிலிருந்து ஒரு எஸ்.ஐ. ஆளைத் தேடி டெல்லிக்கு வந்தால் என்ன செய்வார்? நேராகப் போய்க் கையைப் பிடிக்க மாட்டார். உள்ளூர் ஸ்டேஷனில் தகவல் சொல்லி, அங்கிருந்து ஒரு கான்ஸ்டபிளைக் கூட்டிக்கொண்டு போவார். அப்புறம் இங்கே மாஜிஸ்திரேட்டிடம் டிரான்சிட் ரிமாண்ட், அதாவது பிடித்தவரைத் தன் ஊருக்குக் கொண்டுபோக அனுமதி, வாங்குவார். அப்படி வந்த ஒருவருக்காகப் பாட்டியாலா ஹவுஸ் கோர்ட்டில் தமிழ் எஃப்.ஐ.ஆரை இந்தியில் சொல்லும் வேலை ஒருமுறை எனக்கு வாய்த்தது. உள்ளூர்க்காரர்கள் மனது வைத்தார்கள்; மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அந்த எஸ்.ஐ.கூடக் கிடையாது. அதை உருவாக்கிய 1998 ரோம் சாசனப்படி, பிடித்து ஒப்படைப்பது உறுப்பு நாடுகளின் கடமை. இந்தியா அன்று வாக்களிக்காமல் ஒதுங்கியது, இன்றுவரை சேரவில்லை.

2015 அக்டோபரில் இங்கே ஆப்பிரிக்கத் தலைவர்கள் மாநாடு நடந்ததே, நினைவிருக்கிறதா? சூடான் அதிபர் ஒமர் அல் பஷீரும் வந்திருந்தார். சூடானின் டார்ஃபூர் பகுதியில் நடந்த கொடுமைகளுக்காக அவர்மேல் 2009இல் ஒரு வாரண்ட், இனப்படுகொலைக் குற்றச்சாட்டோடு 2010இல் இன்னொன்று. பிடித்துக் கொடுங்கள் என்று ஹேக் நீதிபதிகள் இந்தியாவைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் நம் பிரதமரைச் சந்தித்துவிட்டு ஊர் திரும்பினார். சட்டப்படி நம்மைக் குறை சொல்வது கடினம். டார்ஃபூர் விவகாரத்தை ஹேக்குக்கு அனுப்பிய ஐ.நா. பாதுகாப்பு சபையின் 1593ஆம் தீர்மானம் சூடானைத்தான் கட்டாயப்படுத்தியது. நம்மைப் போன்ற நாடுகளை வலியுறுத்தியதோடு சரி. எனக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவுக்கு அந்தச் சாக்கும் இல்லை, அது உறுப்பு நாடு. அதே ஆண்டு ஜூனில் பஷீர் அங்கே போனபோது, நாட்டைவிட்டு வெளியேற விடக்கூடாது என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தடை போட்டது. மறுநாள் கோர்ட்டில் வாதம் நடக்கும்போதே வாட்டர்க்லூஃப் விமானப்படைத் தளத்திலிருந்து அவர் விமானம் கிளம்பிவிட்டது.

பிலிப்பைன்ஸைப் பாருங்கள். 2019இல் சாசனத்தை விட்டே விலகிய நாடு. 2025 மார்ச் 11 அன்று மணிலா விமான நிலையத்தில் ஹேக் வாரண்ட் இருந்த தன் முன்னாள் அதிபர் துதர்த்தேயைப் பிடித்து, அன்றிரவே ஹேக்குக்கு விமானம் ஏற்றியது. இப்போதைய அதிபருக்கும் துதர்த்தே குடும்பத்துக்கும் முட்டிக்கொண்டிருந்த நேரம் அது. கடமை இருந்தவர் கோட்டை விட்டார், கழன்றுகொண்டவர் பிடித்துக் கொடுத்தார்.

பஷீர் என்ன ஆனார் என்கிறீர்களா? 2019இல் அவருடைய ராணுவமே அவரை இறக்கிச் சிறையில் வைத்தது. ஹேக்குக்கு மட்டும் அனுப்பவில்லை.